பட்ட கிளையில் முளைத்த பால் மங்கு: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஊர்களிலிருந்து வந்திருந்தும், கிண்ண வடிவில் முளைக்கும் சிறு காளானைப் பற்றியே கேட்கின்றன. மழைக்காலம் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கிவிட்டேன். முதல் கடிதம் நீளமானது. அதிலுள்ள விவரங்கள் எல்லாமே அடையாளம் காண உதவுகின்றன என்பதால் பெரும்பகுதியை அப்படியே தருகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே இருபத்தைந்து ஆண்டுகள் பால்மரம் வெட்டியவள். தோட்டம் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மாறிய பிறகு, பட்டணத்துத் தாமானில் (குடியிருப்பில்) மகன் வீட்டோடு இருக்கிறேன். சென்ற மாதம் இரண்டு நாள் அடைமழை ஓய்ந்த ஒரு காலையில், பேத்தியை அழைத்துக்கொண்டு பழைய தோட்டத்து எல்லையில் ஓடும் ஓடைக்கரைக்குப் போனேன். காட்டு மரத்திலிருந்து ஒடிந்து விழுந்து, பட்டை உரிந்து கிடந்த கட்டைவிரல் பருமனுள்ள கிளை ஒன்றில், பத்துப் பன்னிரண்டு சிறு கிண்ணங்கள் வரிசை பிடித்தாற்போல் நின்றன. சில இளஞ்சிவப்பு, சில செம்மஞ்சள். பெரியது பத்துக் காசு அகலம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய காம்பு, விளிம்பிலும் வெளிப்பக்கத்திலும் கண்ணிமை முடிபோல வெள்ளை முடி, உள்ளே மழைநீர். பேத்தி குனிந்து பார்த்துவிட்டு, “பாட்டி, நீங்கள் சொல்வீர்களே, பால் மங்கு, அது இதுதானா?” என்று கேட்டாள். ரப்பர் பால் வடிய மரத்தில் கட்டும் கிண்ணத்தைத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இத்தனை ஆண்டுகள் அதே நிரைகளில் நடந்தும் இதை நான் கண்டதில்லை. மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இரண்டு படங்கள் அனுப்பியிருக்கிறேன். இதன் பெயர் என்ன? மரங்களுக்குக் கேடா? பேத்தியின் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போகலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே பெயர் ஏறக்குறைய தெரிந்துவிட்டது. நீங்கள் நிறத்தோடு நிறுத்தாமல், எதன்மீது முளைத்தது, காம்பு உண்டா, முடி எங்கெங்கே இருந்தது என்றெல்லாம் எழுதியிருப்பதுதான் அதற்குக் காரணம். மரத்தின் பட்டையைத் தினமும் கூர்ந்து பார்த்து, அளவு பிசகாமல் வெட்டியவரின் கண் அது.

நீங்கள் கண்டது குக்கைனா என்னும் பேரினத்தைச் சேர்ந்த கிண்ணக் காளான். வெப்பமண்டலக் காடுகளில், ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும், ஈரமான நிழலில் கிடக்கும் பட்ட கிளைகளில் இது முளைக்கிறது. இந்தப் பேரினத்திலும், உங்களுடையது குக்கைனா டிரைக்கோலோமா என்னும் இனம் என்று உங்கள் பக்கவாட்டுப் படத்தை வைத்துச் சொல்கிறேன். மேலிருந்து எடுத்த படம் மட்டும் வந்திருந்தால் இவ்வளவு துணிந்து சொல்லியிருக்க மாட்டேன். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை இன்னொரு கிண்ணத்தைக் காணும்போது நீங்களே பெயர் சொல்ல அது உதவும்.

காளானைக் கண்டதும் நம் கண்ணில் முதலில் படுவது நிறம். அடையாளம் காணும்போது கடைசியாகக் கணக்கில் எடுக்க வேண்டியதும் அதுவே. குக்கைனாவின் சிவப்பும் மஞ்சளும் காரட்டுக்கு நிறம் தரும் அதே கரோட்டினாய்டு வகைப் பொருள்களால் வருகின்றன. முளைத்த நாளில் அடர்ந்திருக்கும் அந்த நிறம், வயதாக ஆக வெளிறிக்கொண்டே வந்து, முதிர்ந்த கிண்ணத்தில் வெண்மையை நெருங்கிவிடும். ஒரே கிளையில் இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்து நின்றதாக எழுதியிருக்கிறீர்களே, இதை நீங்களே நேரில் பார்த்துவிட்டீர்கள். நிறத்தை மட்டும் நம்பியிருந்தால் ஒரே கிளையில் இரண்டு வகைக் காளான்கள் இருந்ததாக முடிவு கட்டியிருப்போம்.

முதலில் பார்க்க வேண்டியது, அது எதன்மீது நிற்கிறது என்பதைத்தான். உங்கள் காளான் பட்ட கிளையில் நின்றது. மண்ணில் முளைக்கும் கிண்ணங்களும், சாணத்தில் முளைப்பவையும் வேறு வேறு குடும்பங்கள். தரையில் முளைத்ததுபோலத் தோன்றினாலும், சருகை விலக்கி அடியில் விரலால் தடவிப் பார்த்தால் புதைந்து கிடக்கும் குச்சி ஒன்று பல நேரங்களில் அகப்படும்.

இரண்டாவதாக, கிண்ணத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். நம் காடுகளில் கிண்ணம்போலவும் புனல்போலவும் நிற்கும் வேறு காளான்கள் உண்டு. அவற்றுள் மிகுதியாகக் கண்ணில் படுவது மைக்ரோபோரஸ் சாந்தோபஸ்: பழுப்பு நிறத்தில் வளையம் வளையமாகக் கோடுகள் ஓடும், மெல்லிய தோல்போன்ற புனல். சாந்தோபஸ் என்றால் மஞ்சள் பாதம் என்று பொருள். காம்பின் அடி உண்மையிலேயே மஞ்சளாக இருக்கும். அதைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுவதும் ஊசி முனையாலும் குத்த முடியாத அளவுக்கு நுண்ணிய துளைகள் தெரியும். வித்திகள், அதாவது தூள்போன்ற அதன் விதைகள், அந்தத் துளைகளிலிருந்து கீழ்நோக்கி உதிர்கின்றன. நாம் சந்தையில் வாங்கும் காளானிலும் குடையின் அடியிலுள்ள இதழ்களிலிருந்து வித்தி கீழேதான் விழுகிறது. குக்கைனாவில் அடிப்பக்கத்தில் துளையும் இல்லை, இதழும் இல்லை. அங்கே இருப்பது முடி மட்டுமே. வித்தி பிறக்கும் இடம் கிண்ணத்தின் உட்புறம், நீங்கள் மழைநீர் நின்றதாகச் சொன்ன அதே வழவழப்பான பரப்பு. ஆகவே வடிவத்தைக் காட்டிலும் வித்தி எங்கே பிறக்கிறது என்பதைப் பார்ப்பதே உறுதியான வழி.

மூன்றாவது, முடி. பிலிப்சியா டொமிங்கென்சிஸ் என்று இன்னொரு கிண்ணக் காளான் வெப்பமண்டலக் காடுகளில் பட்ட மரத்தில் வருகிறது. கருஞ்சிவப்பு அல்லது ஊதா கலந்த சிவப்பு; காம்பு அநேகமாக இல்லை; தட்டுப்போல விரிந்து மரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும்; முடி கிடையாது. உங்கள் படத்தில் காம்பும் இருக்கிறது, முடியும் இருக்கிறது. எனவே பிலிப்சியா இல்லை. இனி குக்கைனாவுக்குள் வந்தால், நம் பக்கம் அடிக்கடி பேசப்படுபவை இரண்டு. ஒன்று டிரைக்கோலோமா. கிரேக்கத்தில் முடி, ஓரம் என்னும் இரு சொற்கள் சேர்ந்த பெயர் அது. அதன் முடிகள் நீளமானவை, கண்ணாடி இல்லாமலேயே தெரிபவை; விளிம்போடு நில்லாமல் கிண்ணத்தின் வெளிச்சுவர் முழுவதும் படர்ந்திருக்கும். மற்றொன்றைப் பழைய நூல்கள் சல்சிபெஸ் என்றும் புதியவை ஸ்பெசியோசா என்றும் எழுதுகின்றன. அதில் முடி குட்டையானது; விளிம்பை ஒட்டி மட்டுமே இருக்கும்; உற்றுப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் பக்கவாட்டுப் படத்தில், காம்பு கிண்ணமாக விரியத் தொடங்கும் இடத்திலிருந்தே வெள்ளை முடி நிற்கிறது. என் முடிவுக்கு அதுவே ஆதாரம்.

ஒரு முடியைத் தனியே எடுத்துப் பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடியில் பார்த்தால், நம் தலைமுடிபோல ஒற்றை இழையாக இல்லாமல், பல நுண்ணிழைகள் ஒன்றோடொன்று ஒட்டி முறுக்கிய கயிறுபோல, அடி பருத்து நுனி கூர்ந்து இருப்பது தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுப்பதில்லை.

பெயர் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்கள் வட்டாரத்தை ஒரு வகையில் தொடுகிறது. மோர்டிகாய் கியூபிட் குக் என்னும் ஆங்கிலேயக் காளான் அறிஞர் (1825–1914) லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவில் காளான் தொகுப்பைக் கவனித்து வந்தவர். அவரைச் சிறப்பிக்க 1891இல் ஜெர்மானியரான ஓட்டோ குன்ட்சே இந்தப் பேரினத்துக்குக் குக்கைனா என்று பெயரிட்டார். அதே கியூ பூங்காவிலிருந்துதான் 1877இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 உங்களுக்குப் பக்கத்து ஊரான கோலகங்சாரில் நடப்பட்டன. நீங்கள் வெட்டிய கித்தா (ரப்பர்) மரங்களின் வரலாறும் உங்கள் பேத்தி கண்ட கிண்ணத்தின் பெயரும் ஒரே தோட்டத்தின் வாசலைக் கடந்து வந்தவை.

பேத்தி இதைப் பால் மங்கு என்றது வடிவத்தைப் பார்த்துத்தான். ஆனால் இரண்டும் வேலை செய்யும் விதம் நேர் எதிரானது. வெட்டுக் காயத்திலிருந்து வழியும் பாலை மங்கு கீழே நின்று வாங்கிக்கொள்கிறது. இந்தக் கிண்ணமோ தன்னிடம் உள்ளதை மேல்நோக்கி எறிகிறது. உட்பரப்பில், கண்ணுக்குத் தெரியாத நீண்ட குழல்போன்ற பைகள் ஆயிரக்கணக்கில் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொரு பையிலும் எட்டு வித்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. வித்தி முற்றும்போது பைக்குள் நீரின் அழுத்தம் ஏறுகிறது. பையின் நுனியில் உள்ள சிறு மூடி திறக்கிறது. எட்டு வித்திகளும் ஒரே நொடியில் வெளியே பாய்கின்றன. இந்த மூடி உள்ள பைகளே இவ்வகைக் கிண்ணக் காளான்களை ஒரு கூட்டமாகச் சேர்த்துக் காட்டும் அடையாளம். குக்கைனாவில் பைகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் முற்றுவதால், எறிவதும் கூட்டாகவே நடக்கிறது.

இதை ஒருமுறை மிக அருகிலிருந்து கண்டேன். ஓடை ஒன்றின் கரையில், நீர் வற்றிக் காய்ந்த ஒரு கிண்ணத்தின்மேல் மெதுவாக மூச்சு விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்று நான்கு நொடி கழித்து, ஊதுவத்திப் புகையைப்போல மெல்லிய வெண்புகை ஒன்று கிண்ணத்திலிருந்து எழுந்து, என் முகத்துக்கு நேரே வந்து, கலைந்து போனது. அந்தப் புகை முழுவதும் வித்தி. காற்றோ ஈரப்பதமோ திடீரென்று மாறும்போது, முற்றிய பைகள் எல்லாம் சேர்ந்து வெடிப்பதால் இது நிகழ்கிறது. தனியே எறியப்படும் வித்தி மிக நுண்ணியது என்பதால் காற்றின் தடையில் உடனே நின்றுவிடும். ஆயிரக்கணக்கானவை ஒன்றாகப் பாயும்போது அவை தமக்கென ஒரு சிறு காற்றோட்டத்தையே உண்டாக்கி, பின்னால் வருபவற்றை அதில் ஏற்றி மேலே கொண்டுபோகின்றன. வேறு கிண்ணக் காளான்களை வைத்து இதை அளந்து காட்டிய ஆய்வு 2010இல் வெளியானது. காட்டின் தரையை ஒட்டிக் காற்று ஏறக்குறைய அசைவதேயில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், விரல்நுனி அளவுள்ள இந்த உயிர் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

உங்கள் மற்ற இரண்டு கேள்விகளுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்ல முடியும். உயிருள்ள மரத்துக்கு இதனால் கேடு இல்லை. செத்த கிளையை மட்கச் செய்து மண்ணுக்குத் திருப்பித் தருவதே இதன் வேலை. பள்ளிக்கு எடுத்துச் செல்வது, அந்த ஓடைக்கரை யாருடைய நிலம் என்பதைப் பொறுத்தது. தோட்டத்து நிலமானால் நிர்வாகத்திடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். வனக் காப்பகமானால், 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின்கீழ் உள்ளே செல்லவும் எதையும் எடுத்துவரவும் வனத்துறை அனுமதி வேண்டும். அங்கே படத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

கேள்வி: பீடோருக்கு அருகில் எனக்கு ஐந்து ஏக்கர் செம்பனை இருக்கிறது. வெட்டி அடுக்கிய மட்டைகளுக்கு இடையே கிடந்த பட்ட கட்டையில் செம்மஞ்சள் கிண்ணங்கள் முளைத்திருக்கின்றன. காளானால் செம்பனை சாகிறது என்று கேள்விப்பட்டதால் அந்தக் கட்டைகளை எரித்துவிடலாமா என்று எண்ணுகிறேன்.

பதில்: எரிக்க வேண்டாம் ஐயா. நீங்கள் கேள்விப்பட்டது உண்மை, ஆனால் அது வேறு காளான். செம்பனையின் அடித்தண்டை அழுகச் செய்வது கனோடெர்மா பொனினென்ஸ். அது கிண்ணமாக முளைப்பதில்லை. தண்டின் அடியில், நிலத்தை ஒட்டி, பெரும்பாலும் காம்பில்லாத தட்டைப் பலகைபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேல்புறம் வார்னிஷ் பூசியதுபோலச் செம்பழுப்பாக மினுங்கும். வளரும் ஓரம் வெள்ளையாக இருக்கும். இன்னும் விரியாத குருத்தோலைகள் ஈட்டிபோல இரண்டு மூன்றாகச் சேர்ந்து நிற்பதும், கீழ் மட்டைகள் தண்டோடு தொங்கி விழுவதும் அந்த நோயின் அறிகுறிகள். உங்கள் கவனம் உயிருள்ள மரங்களின் அடியில் இருக்கட்டும். கிடக்கும் கட்டையில் உள்ள கிண்ணங்கள் உங்களுக்கு உரம் செய்துகொண்டிருக்கின்றன.

கேள்வி: கூலிமில் வீட்டுக்கு முன்னால் பூந்தொட்டிகளில் மரத்தூளும் தேங்காய் நாரும் போட்டிருக்கிறேன். அதில் பழுப்பு நிறத்தில் மிகச் சிறிய கிண்ணங்கள் கூட்டமாக வந்து, ஒவ்வொன்றிலும் நாலைந்து கரிய முட்டைகள் இருக்கின்றன. ஏதேனும் பூச்சி இட்ட முட்டையா? மருந்து அடிக்க வேண்டுமா?

பதில்: சகோதரி, மருந்துப் புட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள். அவை முட்டைகள் அல்ல. அது குருவிக்கூடு காளான், சையாத்தஸ் என்னும் பேரினம். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கும் கிண்ணம் என்றே பொருள். ஆனாலும் முதல் கடிதத்தில் பார்த்த குக்கைனாவுக்கு இது உறவு என்று சொல்ல முடியாத அளவுக்குத் தூரத்துச் சொந்தம். குலத்தால் இது குடைக்காளான்களின் பக்கம் சேர்ந்தது. கிண்ண வடிவத்துக்கு இரண்டும் தனித்தனி வழியில் வந்து சேர்ந்திருக்கின்றன. வடிவத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கரிய வில்லைகள் ஒவ்வொன்றும் வித்திகளை உள்ளே வைத்து இறுக மூடிய பொட்டலம். அகலம் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர். குக்கைனா தன் வித்தியைத் தானே எறிகிறது. இந்தக் கிண்ணம் மழையை நம்பியிருக்கிறது. அதன் சுவர் விரிந்த சரிவில் அமைந்திருப்பதால், பெரிய மழைத்துளி ஒன்று உள்ளே விழுந்ததும் நீர் சுவரோடு மேலேறி, வில்லையையும் தூக்கிக்கொண்டு வெளியே தெறிக்கிறது. ஒரு மீட்டர் தூரம் வரையிலும் போகும். வில்லையின் அடியில் ஒரு சிறு சுருக்குப்பைக்குள் மெல்லிய கயிறு ஒன்று சுருண்டு கிடக்கிறது. தெறிக்கும்போது பை கிழிந்து கயிறு வெளிவரும். அதன் நுனியில் பசை இருப்பதால், போகிற வழியில் புல் அகப்பட்டால் ஒட்டிக்கொள்ளும். கயிறு புல்லைச் சுற்றிக்கொண்டுவிடும். ஐரோப்பாவில் 1601லேயே கரோலஸ் குளூசியஸ் என்னும் தாவரவியலாளர் இந்தக் காளானை எழுதி வைத்தார். மழைத்துளியே அதை எறிகிறது என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று.

ஒரு குண்டூசியால் ஒரு வில்லையை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அந்தக் கயிறு நூல்போல நீண்டுகொண்டே வரும். இன்னும் திறக்காத இளம் கிண்ணங்களின் வாயை மெல்லிய வெண்தோல் ஒன்று மூடியிருப்பதையும் பார்க்கலாம். உங்கள் செடிகளுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. மரத்தூள் மட்கி முடிந்ததும் இவை தாமாகவே போய்விடும்.

கேள்வி: நான் ஐந்தாம் படிவ மாணவன். பள்ளி நூலகத்தில் உள்ள ஓர் ஆங்கில இயற்கை நூலில் இரத்தச் சிவப்பு நிறத்தில் கிண்ணக் காளான் படம் இருக்கிறது. நம் காட்டில் நான் பார்த்ததும் அதுவே என்று நினைக்கிறேன்; அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். சரியா?

பதில்: தம்பி, உறவைச் சரியாகப் பிடித்திருக்கிறாய், ஊரைத்தான் பார்க்கத் தவறிவிட்டாய். அந்தப் படத்தில் இருப்பது சார்க்கோசைஃபா கொக்சினியா. சதைக் கிண்ணம் என்பது பேரினப் பெயரின் பொருள். குக்கைனாவும் அதுவும் ஒரே குடும்பம். ஆனால் அது ஐரோப்பா முதலிய குளிர்நாட்டுக் காடுகளில், மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் குளிர்காலத்திலும் இளவேனில் தொடக்கத்திலும் விழுந்த குச்சிகளில் முளைப்பது. உட்புறம் குங்குமச் சிவப்பு, வெளிப்புறம் வெளிறிய மெல்லிய பஞ்சு. தனித்து நிற்கும் நீண்ட முடி இல்லை. நீ அனுப்பிய படத்தில் முடி தெளிவாகத் தெரிகிறது; ஆகவே நீ பார்த்தது குக்கைனா.

வெளிநாட்டு நூலை ஒதுக்க வேண்டாம். ஆனால் அதன் முன்னுரையில் அது எந்த நாட்டுக்கு எழுதப்பட்டது என்பதை முதலில் பார்த்துக்கொள். நம் நாட்டுக் காளான்களுக்கு நம் மண்ணிலேயே உழைத்தவர்கள் இருக்கிறார்கள். 1929இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு உதவி இயக்குநராக வந்த கார்னர் என்னும் அறிஞர், உயரமான மரங்களிலிருந்து மலரும் கிளையும் பறித்துத் தரப் பேரோக் குரங்குகளைப் பழக்கியவர் என்று பரவலாக அறியப்படுகிறார். அவர் தொடக்க காலத்தில் ஆராய்ந்தவற்றில் கிண்ணக் காளான்களும் உண்டு. மொட்டாக இருக்கும் பருவத்திலிருந்து கிண்ணமாக விரியும் வரை அவற்றின் திசு எப்படி வளர்கிறது என்பதை அவர் படிப்படியாக வரைந்து காட்டினார். நீயும் விரிந்த கிண்ணத்தோடு நிறுத்தாமல், அதே கிளையில் பக்கத்தில் இருக்கும் மொட்டுகளையும் படம் எடு. குக்கைனா மொட்டில் முடிகள் வாயை மூடிக் குவிந்திருக்கும்.

கேள்வி: எங்கள் பக்கம் பட்ட ரப்பர் கட்டையில் வரும் குக்கூர் காளானைச் சமைத்துச் சாப்பிடுகிறோம். அதே கட்டையில் கிண்ணம்போல வருவதையும் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். ஒரே கட்டையில் முளைப்பதால் இரண்டும் ஒரே குணம் கொண்டவை ஆகிவிடாது. குக்கூர் காளான், நூல்களில் சைசோஃபில்லம் கொம்யூன் எனப்படுவது, அடியில் பிளந்த இதழ்களோடு சிறு விசிறிபோல இருக்கும். நம் நாட்டில் பலரும் நெடுங்காலமாக உண்டு வருகிறார்கள். கிண்ணக் காளானை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். படத்தைப் பார்த்து நான் பெயர் சொல்வது தெரிந்துகொள்வதற்கே. அதை நம்பி யாரும் எதையும் அடுப்பில் ஏற்றக்கூடாது. பூண்டோ அரிசியோ சேர்த்துக் கொதிக்கவைத்து, நிறம் மாறாவிட்டால் நஞ்சில்லை என்று சொல்லும் வழக்கம் தவறானது. கொதியில் அழியாத காளான் நஞ்சுகள் உண்டு. அவற்றுள் மிகக் கொடியவை, உண்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும்; அதற்குள் ஈரல் பாதிக்கப்படத் தொடங்கியிருக்கும். யாரேனும் தெரியாமல் உண்டுவிட்டால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சமிருக்கும் காளானையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் இதில் ஆலோசனை வழங்குகிறது.

இனி படம் அனுப்புவோருக்கு. பேராக் உள்நாட்டுப் பகுதியில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகும். கிண்ணங்களைத் தேட அவை நல்ல காலம். மேலிருந்து ஒரு படம், கிளையின் மட்டத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் ஒரு படம், அடிப்பக்கம் தெரிய ஒரு படம் என்று மூன்று இருந்தால் போதும். அருகில் ஒரு பத்துக் காசை வையுங்கள்; 2012 முதல் புழக்கத்தில் உள்ள அந்த நாணயத்தின் விட்டம் 18.8 மில்லிமீட்டர் என்பதால் அளவைச் சரியாகக் கணிக்க முடியும். பார்த்த நிறத்தை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். காய்ந்தால் நிறம் போய்விடும். எடுக்க அனுமதி உள்ள இடமானால், காளானைப் பிடுங்காமல் கிளைத் துண்டோடு சேர்த்து ஒடித்து, காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் மறுநாளே வியர்த்து அழுகிவிடும்.

சுங்கை சிப்புட் அம்மாவின் பேத்திக்கு ஒரு வேலை சொல்கிறேன். கிளைத் துண்டை ஈரத்துணியின்மேல் நிறுத்தி, கிண்ணத்தில் நிற்கும் நீரைக் கவிழ்த்துவிட்டு, அதன் வாய்க்கு இரண்டு விரல் உயரத்தில் சுத்தமான கண்ணாடித் துண்டு ஒன்றைப் படுக்கவைத்து இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். குடைக்காளானின் வித்தியை வாங்கக் காகிதத்தை அடியில் வைப்பார்கள்; இதற்கு மேலேதான் வைக்க வேண்டும். கிண்ணம் முற்றியதாக இருந்தால், காலையில் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் மாவு தடவியதுபோல வெண்படலம் ஒன்று இருக்கும். பள்ளி நுண்ணோக்கியில் அதை வைத்துப் பார்த்தால், இரு முனையும் குறுகிய நீள்வட்ட வித்திகள் தெரியும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். மேலே நெடுக்காக மெல்லிய வரிகள் ஓடும். அந்த வரிகளையும் ஒரு வித்தியின் வடிவத்தையும் பென்சிலால் வரைந்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் இப்பகுதியில் வெளியிடுகிறேன்.